வீட்டு மேசையில் பிறக்கும் தோட்டா

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா சட்டைப்பையில் இருந்தாலும் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். எங்கோ வாங்கிய நினைவுப்பொருள் என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது. அதே தோட்டாவை அமெரிக்காவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ மரவேலை செய்பவர் ஒருவரோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து தாமே செய்துகொள்கிறார். விற்பனைக்குச் செய்தால்தான் அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டப்படி உரிமம் வேண்டும். சொந்த உபயோகத்திற்குத் தேவையில்லை.

சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் வெறுங்கூட்டைப் பொறுக்கி எடுத்து, மறுபடியும் நிரப்பிப் பயன்படுத்தும் இந்தப் பழக்கத்திற்கு 'ரீலோடிங்' என்று பெயர். கைத்துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களிடம் ஏன் இந்த வேலை என்று கேட்டால் மூன்று காரணம் சொல்வார்கள். செலவு குறைகிறது என்பது ஒன்று. தம் துப்பாக்கிக்கு ஏற்றபடி செய்துகொண்டால் குறி தப்புவதில்லை என்பது இன்னொன்று. மூன்றாவது காரணத்தைச் சொல்லும்போது மட்டும் அவர்கள் குரலில் ஒரு பெருமிதம் சேர்ந்துகொள்ளும்: கடையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்களுக்குக் கவலையில்லை, நாங்கள் யாரையும் நம்பி இல்லை என்பார்கள்.

இந்த மூன்றாவது காரணம் எவ்வளவு தூரம் உண்மை? ஏறத்தாழ 150 ஆண்டுக்கால வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

முதலில் ஒரு தோட்டாவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பித்தளைக் கூடு ஒன்று. அதன் வாயில் செருகிய ஈயக் குண்டு. உள்ளே வெடிமருந்து. கூட்டின் அடியில், சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக ஒரு கிண்ணம்; அதற்குப் பிரைமர் என்று பெயர். துப்பாக்கியின் ஊசி பிரைமரைக் குத்துகிறது, அதிலிருந்து எழும் நெருப்பு வெடிமருந்தைப் பற்றவைக்கிறது, எழும் வாயு குண்டைத் தள்ளுகிறது. குண்டும் மருந்தும் பிரைமரும் போய்விடும். கூடு மட்டும் அப்படியே கையில் நிற்கும். நான்கில் விலை கூடியது பெரும்பாலும் அந்தக் கூடுதான். அதைத் தூக்கி எறிய மனம் வராதவர்களிடமிருந்துதான் இந்தப் பொழுதுபோக்கு பிறந்தது.

ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்

1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள தம்தம் படைத்தளத்தில் ஒரு வதந்தி கிளம்பியது. புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசியிருக்கிறார்கள் என்பதே அது. அடுத்த சில மாதங்களில் வட இந்தியாவே பற்றி எரிந்தது. பாடப்புத்தகத்தில் எல்லாரும் படித்த செய்திதான். ஆனால் வீரர்கள் ஏன் தோட்டாவைக் கடிக்க வேண்டியிருந்தது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அன்றைய தோட்டா ஒரு காகிதச் சுருள். உள்ளே அளந்து போட்ட மருந்தும் ஒரு குண்டும் இருக்கும். பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை இடித்து இறக்க வேண்டும். காகிதத்தைச் சுருட்டத் தெரிந்த எவரும் தோட்டா செய்யலாம் என்ற காலம் அது.

அதே 1857-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் உலோகத் தோட்டா போடும் ஒரு சிறிய ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காகிதமும் கடிப்பதும் மழையில் நனைவதும் மெல்ல ஒழிந்தன. ஆனால் அந்தத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருந்தது. ஒருமுறை சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும். பிறகு அந்தக் கூடு எதற்கும் உதவாது. இன்றும் .22 தோட்டாக்கள் இவ்வகையைச் சேர்ந்தவைதாம்.

மறுபடி நிரப்பும் வழியைத் திறந்துவிட்டது தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பிரைமர். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஊசி மேலிருந்து குத்தும்போது பிரைமரின் மருந்து கீழே ஏதாவது கடினமான முனையில் மோதி நசுங்க வேண்டும். 1860களின் நடுவில் அமெரிக்கரான ஹைரம் பெர்டன் அந்த முனையைக் கூட்டின் அடியிலேயே அமைத்து, அதன் இரு பக்கமும் நெருப்பு நுழையச் சிறு துளைகள் விட்டார். ஏறக்குறைய அதே சமயத்தில் ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்சர் அந்த முனையைப் பிரைமருக்குள்ளேயே வைத்து, கூட்டின் நடுவில் ஒரே ஒரு துளை விட்டார். பாக்சர் முறையில் ஒரு கம்பியை நடுத்துளையில் விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். பெர்டன் முறையில் நடுவில் துளையே இல்லை, கழற்றுவது பெரும்பாடு.

அமெரிக்கரின் முறையை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயரின் முறையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் ஆலமரமாக வளர்ந்ததற்குத் துப்பாக்கிச் சட்டமும் நிலப்பரப்பும் மட்டும் காரணமல்ல, இந்தச் சிறு துளைக்கும் அதில் பங்குண்டு.

மேற்கு எல்லையில் எருமை வேட்டையாடியவர்களுக்கு அது விளையாட்டாக இல்லை, பிழைப்பாக இருந்தது. கடை நாட்கணக்கில் பயணம் செய்ய வேண்டிய தூரத்தில் இருந்தது. வெடிமருந்துப் பீப்பாயும் ஈயக் கட்டியும் பிரைமர் பெட்டியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரவு நெருப்பு மூட்டி, ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, மறுநாளைக்கான தோட்டாவை நிரப்பினார்கள். 1884-ல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலத்தில் ஐடியல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் விற்ற கருவி பார்ப்பதற்கு நம் வீட்டுப் பாக்குவெட்டியைப் போலவே இருக்கும். கையால் அமுக்கியே பழைய பிரைமரைக் கழற்றலாம், புதியதைப் பொருத்தலாம், குண்டைச் செருகலாம். கருவியோடு கையேடும் வெளியிட்டார். அந்த நிறுவனம் பல கை மாறி 1925-ல் லைமன் நிறுவனத்திடம் சேர்ந்தது.

இடையில் வெடிமருந்தே மாறிப்போனது. 1884-ல் பிரான்சில் பால் வியே புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். பழைய கறுப்பு மருந்து மன்னிக்கும் குணம் உடையது. கூடு நிறைய நிரப்பினாலும் அக்காலத் துப்பாக்கி பெரும்பாலும் தாங்கும். புதிய மருந்து அப்படியல்ல. .38 ஸ்பெஷல் தோட்டா 1890களின் இறுதியில் வந்தபோது அதன் கூடு கறுப்பு மருந்தின் அளவுக்கேற்ப நீளமாக இருந்தது. புகையற்ற மருந்துக்கு அந்த இடத்தில் ஒரு சிறு பகுதியே போதும். விளைவு என்ன? கவனம் சிதறி ஒரே கூட்டில் இருமுறை மருந்தைக் கொட்டினாலும் அது வழியாமல் உள்ளே அடங்கிவிடும். வெளியே பார்த்தால் எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோலத்தான். சுடும்போதுதான் வித்தியாசம் தெரியும். மருந்தே போட மறந்தாலும் ஆபத்துதான். பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் பாதியில் நிறுத்திவிடும். அது தெரியாமல் அடுத்த முறை விசையை இழுத்தால் குழல் பிளக்கும். அதனால்தான் மூத்த ஆர்வலர்கள் நிரப்பும் மேசைக்கு அருகே தொலைக்காட்சியை வைக்காதே என்று புதியவர்களிடம் சொல்கிறார்கள்.

வெடித்த ரிவால்வர்

இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் எல்மர் கீத்தைத் தவிர்த்துப் பேச முடியாது. 1899-ல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் மொன்டானாவில் ஒரு தீ விபத்தில் சிக்கி உடலெங்கும் கடும் காயம். இடது கை கோணிப்போனது. அந்தக் கையோடுதான் குதிரை ஓட்டினார், மாடு மேய்த்தார், ஐடஹோ மலைகளில் வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டினார், பத்திரிகைகளுக்கு ஓயாமல் எழுதினார்.

1925 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர நாள். மற்றவர்கள் வாணவேடிக்கை விட, கீத் தம் பழைய .45 கோல்ட் ரிவால்வரை வானத்தை நோக்கிச் சுட்டுக் கொண்டாடினார். உள்ளே இருந்தது அவரே நிரப்பிய தோட்டா. நீள்துப்பாக்கிக்கு உரிய கனமான, பருமன் கூடிய குண்டு. அதன் பின்னே இறுக அடைத்த கறுப்பு மருந்து. கறுப்பு மருந்தின் மன்னிக்கும் குணத்திற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? துப்பாக்கியின் சிலிண்டரில் மேல்பாதியும் அதன்மேல் இருந்த இரும்புப் பட்டையும் பெயர்ந்து பறந்துவிட்டன. கை தப்பியது.

வேறொருவராக இருந்தால் அன்றோடு தலைமுழுகியிருப்பார். கீத் உடைந்த துண்டுகளைப் பார்த்துக் கணக்குப் போட்டார். ஒரே பருமனுள்ள சிலிண்டரில் .45 துளை போட்டால் சுவர் மெல்லியதாக இருக்கும். .44 துளை போட்டால் சுவர் சற்றுத் தடித்து நிற்கும். அதனால் .44 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாறினார். நடந்ததை அந்த ஆண்டே 'அமெரிக்கன் ரைஃபிள்மன்' இதழில் எழுதவும் செய்தார். தம் தவற்றை ஒளிக்காமல் எழுதியதுதான் அவர் எழுத்தின் தொடக்கம் என்பது கவனிக்கத்தக்கது.

பிறகு அவர் குண்டின் வடிவத்தையே மாற்றினார். முனை தட்டையாக, நடுவில் கூரான ஒரு தோள் வைத்து, காகித இலக்கில் வட்டமாகத் துளை வெட்டும் குண்டு அது. அதற்கான அச்சை லைமன் நிறுவனம் 429421 என்ற எண்ணில் விற்றது. இன்றும் ஈயம் உருக்கும் ஆர்வலர்களிடம் அந்த எண்ணைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

1930களில் அமெரிக்கக் காவல்துறைக்கு ஒரு தலைவலி இருந்தது. கொள்ளையர்கள் எஃகு உடல் கொண்ட கார்களில் தப்பினார்கள், பழைய.38 தோட்டா காரின் கதவைத் துளைக்கத் திணறியது. கீத்தும் ஃபிலிப் ஷார்ப் போன்ற வேறு சில ஆர்வலர்களும் வீட்டு மேசையில் நிரப்பிச் சோதித்த வலுவான தோட்டாக்கள் ஆலைகளின் கண்ணில் பட்டன. 1935-ல் ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து .357 மேக்னத்தைக் கொண்டுவந்தன. பொருளாதார மந்தக் காலத்தில் அந்த ரிவால்வரின் விலை 60 டாலர். முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் போனது. கூட்டின் நீளத்தைப் பழையதைவிட 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக வைத்தார்கள். புதிய தோட்டா பழைய .38 துப்பாக்கியில் நுழைந்து அதைச் சிதறடித்துவிடக் கூடாது என்பதே காரணம். 1925-ல் கீத்துக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கு நேராதிருக்க ஆலைக்காரர்கள் செய்த ஏற்பாடு என்றே கொள்ளலாம்.

.44 விஷயத்தில் கீத் இன்னும் இருபது ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. கனமான குண்டு, அதற்கேற்ற வேகம், அதைத் தாங்கும் துப்பாக்கி என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1955 இறுதியில் ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸனும் .44 மேக்னத்தை உருவாக்கி முடித்தன. 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடியவர்களில் பெரும்பாலோருக்கு அதன் பின்னால் இருந்த மனிதரைத் தெரியாது. கோணிய கையோடு ஈயம் உருக்கிய ஒருவரின் பிடிவாதத்தை ஓர் ஆலை விலை போட்டு விற்றது. கீத் 1984-ல் காலமானார்.

மேக்னம் வலிமையைப் பற்றிப் பேச ஆர்வலர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் உண்மையில் நிரப்புவது மெல்லிய இலக்குத் தோட்டாக்களைத்தான். அமெரிக்கக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் 2,700 புள்ளிகளுக்கான ஆட்டம் ஒன்று உண்டு. மூன்று வகைத் துப்பாக்கிகளில் தலா 90 என மொத்தம் 270 முறை சுட வேண்டும். ஒரே போட்டிக்கு 270 என்றால் பயிற்சிக்கு எத்தனை ஆயிரம் ஆகும்? தோட்டா முழுவதையும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது. ரீலோடிங்கை வாழவைத்தது வீரமல்ல, இந்தக் கணக்குதான்.

ஈயம், அச்சகம், ரயில் பெட்டி

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியதும் 1942 முதல் ஆலைகள் போருக்கே உழைத்தன. பொதுமக்களுக்கான தோட்டா கடைகளில் அரிதாயிற்று. அந்தப் பஞ்சத்தில் ஆர்வலர்கள் காட்டிய சாமர்த்தியம் வியப்பானது. கலிஃபோர்னியாவின் ஓரோவில் நகரில் சலவை நிலையத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஃபிரெட் ஹன்டிங்டன், சுட்டுத் தீர்ந்த .22 தோட்டாக் கூடுகளைக் குண்டுக்கு மேலுறையாக மாற்றும் அச்சு ஒன்றைச் செய்தார். மறுபடி நிரப்ப முடியாது என்று எல்லாரும் எறிந்துவிட்ட அதே கூடு! அதிலிருந்துதான் 1943-ல் ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் பிறந்தது. வெர்னான் ஸ்பியர் என்பவரும் அதே பாணியில் குண்டு செய்து ஐடஹோவின் லூயிஸ்டன் நகரில் நிலைகொண்டார். அவரோடு இணைந்து பணியாற்றிய ஜாய்ஸ் ஹார்னடி 1949-ல் நெப்ராஸ்காவில் சொந்தத் தொழில் தொடங்கினார். இன்று அமெரிக்கக் கடைகளில் காணும் பெரிய பெயர்களில் சில அந்தத் தட்டுப்பாட்டின் பிள்ளைகள்.

போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. அரசிடம் மலைபோல் வெடிமருந்து மிஞ்சியது. கன்சாஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாட்ஜ்டன் தம் ஆயுள் காப்புறுதியின் மேல் கடன் வாங்கி அந்த மருந்தை டன் கணக்கில் வாங்கினார். வைக்க இடமில்லை. பழைய ரயில் பெட்டி ஒன்றை மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி அதற்குள் அடுக்கினார். பத்திரிகையில் சிறு விளம்பரம் போட்டு அஞ்சலில் விற்றார். போருக்குப் பிந்திய தலைமுறை மலிவாகச் சுடப் பழகியது இத்தகைய இராணுவ மிச்சத்தால்தான். யாரையும் நம்பி இல்லை என்ற பெருமிதம் வேரூன்றிய காலமும் அதுவே. அந்தத் தன்னிறைவுக்கு அடியில் இருந்ததோ அரசாங்கத்தின் உபரிச் சரக்கு.

இன்னொரு மிச்சமும் கைகொடுத்தது. கையால் வார்க்கும் குண்டுக்கு வெறும் ஈயம் போதாது. சற்றுக் கடினமாக இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற உலோகம் செய்தித்தாள் அச்சகங்களில் இருந்தது. லைனோடைப் இயந்திரத்தின் எழுத்து உலோகத்தில் ஏறத்தாழ 84 விழுக்காடு ஈயம், 12 விழுக்காடு ஆன்டிமனி, 4 விழுக்காடு வெள்ளீயம் இருக்கும். அறுபது, எழுபதுகளில் அமெரிக்க நாளிதழ்கள் ஆஃப்செட் முறைக்கு மாறியபோது எடைக்குப் போட்ட எழுத்துகள் பல ஆர்வலர்களின் உருக்குச் சட்டியில் வந்து விழுந்தன. தமிழ் நாளிதழ்களும் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலம் உண்டு. அந்த எழுத்துகளின் கதி என்னவாயிற்றோ. அமெரிக்காவில் பல செய்திகள் குண்டாகிப் பறந்துவிட்டன.

அச்சக ஈயம் தீர்ந்ததும் கார் சக்கரத்தின் சமநிலை எடைகளைத் தேடினார்கள். டயர் கடையில் ஒரு வாளி நிறைய எடுத்துக்கொள் என்று கொடுத்துவிடுவார்கள். ஈயம் உடலுக்கும் நிலத்துக்கும் கேடு என்பதால் கலிஃபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்கள் 2010-ஐ ஒட்டி அந்த எடைகளுக்குத் தடை விதித்தன. துத்தநாகமும் இரும்பும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 2013 இறுதியில் மிசௌரியின் ஹெர்குலேனியம் நகரில் இருந்த, நாட்டின் கடைசித் தாது ஈய உருக்காலையும் மூடப்பட்டது. குண்டுக்குச் செல்லும் ஈயத்தில் பெரும்பகுதி பழைய பேட்டரிகளிலிருந்து மீட்கப்படுவது என்றாலும், துப்பாக்கியைப் பறிக்க முடியாதவர்கள் ஈயத்தைப் பறிக்கிறார்கள் என்று ஆர்வலர்களிடையே பேச்சு பரவியது. சுவாசிக்கும் ஈயப் புகையைப் பற்றி அதே அளவுக்குப் பேசியிருந்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

சட்டத்தின் மீதான அவர்களின் மனக்குறை 1968-ல் தொடங்குகிறது. 1963-ல் அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி அஞ்சல் வழியாக வாங்கப்பட்டது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தோட்டா என்ற சொல்லுக்குள் கூடு, பிரைமர், குண்டு, மருந்து நான்கையும் தனித்தனியே அடக்கியது. மாநிலம் விட்டு மாநிலம் தனிநபருக்கு அஞ்சலில் அனுப்புவது நின்றது. ரயில் பெட்டிக்காலம் முடிந்தது. 1986-ல் அந்தத் தடை நீக்கப்பட்டது. காகிதத்தில் துளையிடும் முதியவருக்கும் கொலைகாரனுக்கும் ஒரே சட்டமா என்ற அவர்களின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அஞ்சல் பெட்டிக்கு அந்த இருவரையும் பிரித்தறியத் தெரியாது என்பதும் உண்மைதானே?

யார் பதுக்கியது?

2008 நவம்பரில் ஒபாமா வெற்றி பெற்றதும் கடைகளில் தோட்டா காணாமல் போனது. சட்டம் எதுவும் வரவில்லை. வரும் என்ற அச்சமே போதுமாக இருந்தது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பின் அதே கதை பெரிதாக நடந்தது. எளிதில் கிடைத்த .22 தோட்டாகூட மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. உள்துறைப் பாதுகாப்பு அமைச்சு கோடிக்கணக்கில் வாங்கிப் பதுக்குகிறது என்ற வதந்தி நாடாளுமன்றம் வரை போனது. அரசின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து 2014-ல் அறிக்கை வெளியிட்டது. அமைச்சின் கொள்முதல் முந்தைய ஆண்டுகளைவிடக் குறைந்தே இருந்தது. அப்படியானால் பதுக்கியது யார்? கிடைக்காது என்று புலம்பியவர்களின் பின்னறையில்தான் அது கிடந்தது.

இதைப் படித்துச் சிரிக்க இங்கே யாருக்கும் உரிமையில்லை. 2020 தொடக்கத்தில் அரிசியும் உடனடி மீயும் கழிவறைத் தாளும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடியவர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏராளம்.

அதே 2020-ல் அமெரிக்காவில் பெருந்தொற்றும் கலவரங்களும் தேர்தலும் ஒன்றாக வந்தன. துப்பாக்கி வாங்குவோருக்கான எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை 2019-ல் ஏறத்தாழ 2 கோடியே 84 இலட்சமாக இருந்தது, 2020-ல் 3 கோடியே 97 இலட்சத்தை எட்டியது. அந்த நெருக்கடியில் 1816 முதல் நடந்துவந்த ரெமிங்டன் நிறுவனம் திவாலானது. ஏற்கெனவே சி.சி.ஐ., ஃபெடரல் இரண்டையும் வைத்திருந்த விஸ்டா நிறுவனம் ரெமிங்டனின் தோட்டாப் பிரிவை வாங்கியது. அமெரிக்காவில் பெரிய அளவில் பிரைமர் செய்தவை நான்கு பெயர்கள்தாம். அவற்றில் மூன்று ஒரே கூரையின்கீழ் வந்தன.

கூட்டைப் பொறுக்கிக்கொள்ளலாம். குண்டை வார்த்துக்கொள்ளலாம். வெடிமருந்தை ஓராண்டுக்குச் சேர்த்து வைக்கலாம். பிரைமரை என்ன செய்வது? 1920களின் இறுதிவரை அதில் பாதரசமும் குளோரேட்டும் இருந்தன. பாதரசம் பித்தளையை அப்பளமாக நொறுக்கிவிடும். குளோரேட்டின் உப்பு குழலைத் துருப்பிடிக்க வைக்கும். அதன்பின் வந்த ஈய ஸ்டிஃப்னேட் கலவை இரண்டு குறையையும் போக்கியது. ஆனால் அது உலர்ந்துவிட்டால் சிறு உரசலுக்கும் வெடிக்கும். ஆலைகளில் அதை ஈரமாக வைத்தே, தேர்ந்த தொழிலாளர்கள் தட்டில் உள்ள சிறு குழிகளில் தேய்த்து நிரப்புகிறார்கள். புதிய வரிசையை ஒரே மாதத்தில் திறந்துவிட முடியாது. இருந்ததையும் ஆலைகள் முதலில் தம் சொந்தத் தோட்டாவுக்கே எடுத்துக்கொண்டன. தனியாக விற்க மிஞ்சியது கொஞ்சமே. ஆண்டுக்கணக்கில் ஈயமும் பித்தளையும் சேர்த்து வைத்திருந்தவர்கள், ஆயிரம் பிரைமர் கொண்ட ஒரு பெட்டிக்குப் பழைய விலையைப்போல் பல மடங்கு கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

2022-ல் உக்ரேன் போர் மூண்டதும் வெடிமருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோசுக்குப் பீரங்கிக் குண்டுகள் போட்டியாக வந்தன. பருத்தியின் குறும்பஞ்சிலிருந்து வருவது அது. பிரைமரில் தொடங்கிய இழுபறி மருந்துக்கும் பரவி, விலைகள் மறுபடியும் ஏறின. 2024 நவம்பரில் விஸ்டாவின் தோட்டாத் தொழில் முழுவதும் செக் நாட்டின் சி.எஸ்.ஜி. குழுமத்திற்குக் கைமாறியது. யாரையும் நம்பி இல்லை என்று சொல்லும் ஐடஹோ ஆர்வலர், தம் மாநிலத்து லூயிஸ்டன் ஆலையில் செய்த பிரைமரை, பிராக் நகர முதலாளியிடமிருந்து வாங்குகிறார்.

சனிக்கிழமை போட்டி முடிந்ததும் சுடுதளத்தில் இன்றும் அதே காட்சிதான். நரைத்த தலைகள் வாளியோடு குனிந்து, சிமெண்டுத் தரையில் உருண்ட பித்தளைக் கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகின்றன. ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் பிரைமர் எந்த நிறுவனத்துடையது என்று பார்த்துவிட்டு வாளியில் போடுகிறார்கள்.